வெண்மைக்குள் கரும்புள்ளிகள்: வனிலா புட்டிங்கின் வரலாறு

அமெரிக்கச் சமையல் நூல்களைப் புரட்டுவோர்க்கு அடிக்கடி எதிர்ப்படும் தொடர் ஒன்று உண்டு: 'ஃப்ரம் ஸ்கிராட்ச்'. பெட்டியில் அடைத்து விற்கப்படும் கலவைகளை நாடாமல், மூலப்பொருள்களை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து சமைப்பது என்பது அதன் இன்றைய பொருள். ஆயினும் அத்தொடர் அடுக்களையில் பிறந்ததன்று. விளையாட்டுக் களத்தில் பிறந்தது. ஓட்டப் பந்தயத்திற்காகத் தரையில் கீறிய தொடக்கக் கோட்டிற்கே அப்பெயர். வலுக்குறைந்தோர் சில அடிகள் முன்னே நின்று ஓடலாம் என்ற சலுகை அக்காலப் பந்தயங்களில் இருந்தது. சலுகை எதுவும் பெறாமல் கோட்டிலிருந்தே ஓடியவனைக் குறித்த சொல், பிற்காலத்தில் அடுப்படிக்குள் நுழைந்தது.

இத்தொடரோடு சேர்த்து மிகுதியாகச் சொல்லப்படும் இனிப்புகளுள் ஒன்று வனிலா புட்டிங். 'பழங்காலத்து', 'பாட்டி கைப்பக்குவம்' என்னும் அடைமொழிகளும் அதற்குண்டு. பால், சர்க்கரை, கார்ன்ஃப்ளோர், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வனிலா; விரும்பினால் முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும். இதைவிட எளிய, கள்ளமற்ற ஓர் உணவைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது. அடியிலிருந்து சமைக்கிறோம் என்கிறோமே, அந்த அடி எங்கே இருக்கிறது? தொடக்கக் கோட்டை உண்மையில் கீறியவர் யார்?

*

முதலில் பெயரைப் பார்ப்போம். சங்க இலக்கியத்தில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்யும் சொல்லாகிவிட்டது. இதனை இழிபொருட்பேறு என்பர் மொழியியலார். 'புட்டிங்' என்னும் சொல்லோ எதிர்த்திசையில் நடந்தது. குடலில் இறைச்சியும் கொழுப்பும் திணித்து வேகவைத்த பண்டத்தைக் குறிக்கும் 'பூதான்' என்ற பிரெஞ்சுச் சொல்லோடு அதனை உறவுபடுத்துவர். இடைக்கால இங்கிலாந்தில் புட்டிங் என்றால் அடைத்த குடல்தான். இரத்தம் சேர்த்துச் செய்யப்படும் கறுப்புப் புட்டிங் இன்றும் பிரிட்டனில் காலை உணவுத் தட்டில் இடம்பெறுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் குடலுக்குப் பதிலாகத் துணியில் மாவைக் கட்டி வேகவைக்கும் வழக்கம் பரவியது. குடல் போயிற்று, பெயர் நின்றது. மாவும் பாலும் இனிப்பும் அந்தப் பெயருக்குள் மெல்லக் குடியேறின.

கெட்டியாக்கிய பாலினிப்புக்கு மற்றொரு மூதாதை உண்டு. அது 'பிளமாஞ்ச்'. பிரெஞ்சு மொழியில் 'வெள்ளை உணவு' என்று பொருள். இடைக்காலச் செல்வர் இல்லங்களில் கோழி இறைச்சி, அரிசி, பாதாம் பால், சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு இதனைச் செய்தனர். சாசரின் கேன்டர்பரி கதைகளில் வரும் சமையற்காரனுக்கு இது கைவந்த பண்டம். காலப்போக்கில் கோழி விலகியது. வெண்மையும் கெட்டித்தன்மையும் எஞ்சின.

அமெரிக்க மண்ணில் அச்சான முதல் அமெரிக்கச் சமையல் நூலாகக் கருதப்படுவது, 1796-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் வெளிவந்த அமேலியா சிமன்ஸின் நூல். தலைப்புப் பக்கத்தில் அவர் தம்மை 'ஓர் அமெரிக்க அநாதை' என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அரிசிப் புட்டிங், மக்காச்சோளக் குறுணையில் செய்யும் 'இந்தியப்' புட்டிங் எனப் பலவகைப் புட்டிங்குகள் அந்நூலில் உண்டு. (இங்கே இந்தியர் என்பது அமெரிக்கத் தொல்குடிகளைக் குறித்த பிழைபட்ட பெயர்.) மணத்திற்குப் பன்னீரும் சாதிக்காயும் சேர்க்கப்பட்டன. வனிலா புழக்கத்திற்கு வரவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் 1791-இல் பாரிசிலிருந்த தம் நண்பருக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்று. அவருடைய பணியாளர் பிலடெல்ஃபியா நகரெங்கும் தேடியும் வனிலா அகப்படவில்லை; அதை அறிந்தவர்கூட அங்கில்லை. ஆகவே 50 காய்கள் அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறார். நாட்டின் வெளியுறவுச் செயலருக்கே கிட்டாத ஒரு பொருள், எந்தப் பாட்டியின் அடுக்களையில் இருந்திருக்க முடியும்?

ஆக, நாம் பழமை என்று எண்ணும் வனிலா புட்டிங் 18-ஆம் நூற்றாண்டில் இல்லை. அது பிறப்பதற்கு இரண்டு பொருள்கள் மலிவாக வேண்டியிருந்தது. இரண்டுமே ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒன்றையொன்று அறியாத இருவர் கைகளில் உருவாயின.

*

முதலாவது, கெட்டியாக்கும் மாப்பொருள். இங்கிலாந்திலிருந்து குடியேறிய தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு நியூ ஜெர்சியில் கோதுமையிலிருந்து மாப்பொருள் எடுக்கும் ஆலையொன்றில் வேலை பார்த்தார். மக்காச்சோளத்திலிருந்தும் அதை எடுக்கலாமே என்று தோன்ற, காரக் கரைசலைக் கொண்டு 1842-இல் அதில் வெற்றியும் கண்டார். 1848-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்விகோ என்னும் ஊரில் அவர் குடும்பத்தின் ஆலை எழுந்தது. அந்த மாவு தொடக்கத்தில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? துணிகளுக்குக் கஞ்சி போட. சட்டைக் காலரை விறைப்பாக்கிய பொருள்தான் சில ஆண்டுகளில் பாலைக் கெட்டியாக்க அடுப்படிக்கு வந்தது. நம் கடைகளில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கப்படுவது இதுவே.

நமக்குப் பழக்கமான கஸ்டர்டு பவுடரின் கதை இதற்குச் சற்று முந்தியது. பர்மிங்காம் நகர மருந்தாளர் ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டை ஒவ்வாது. அவருக்காக 1837-இல் முட்டையின்றி, மாப்பொருளால் கெட்டியாகும் கஸ்டர்டைப் பேர்டு ஆக்கினார். மனைவிமீது கொண்ட அக்கறை பின்னர் பெரும் வணிகமாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டியை ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே செய்கிறோம் என்று நாம் கையிலெடுக்கும் அந்த வெள்ளை மாவே தொழிற்சாலையின் குழந்தை. பழங்காலத்துப் புட்டிங் என்பது தொழிற்புரட்சிக் காலத்துப் புட்டிங் என்றே பொருள்படும்.

*

இரண்டாவது பொருள் வனிலா. நம்மூர் ஐஸ்கிரீம் கடைப் பலகைகளில் இது 'வெண்ணிலா' ஆகியிருக்கிறது. அயற்சொல்லை நம் நாவு தனக்குத் தெரிந்த அழகான சொல்லாக்கிக்கொண்டது. ஆனால் சமையலுக்கு வரும் வனிலாக் காயில் வெண்மை என்பதே கிடையாது. அது கன்னங்கரியது. ஆஸ்டெக் மக்களின் நஹுவாட்டில் மொழியில் அதன் பெயருக்குக் 'கரும்பூ' என்று பொருள். ஸ்பானியர் 'சிற்றுறை' என்ற பொருளில் வைனில்லா என்றழைக்க, அதுவே உலகப் பெயராயிற்று.

வனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. இன்றைய மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியில் வாழும் டோட்டோனாக் மக்கள் அதனை நெடுங்காலம் பேணியவர்கள். ஸ்பானியப் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பா சென்ற வனிலா, மூன்று நூற்றாண்டுகளாக ஒரு புதிராகவே இருந்தது. கொடியை எங்கே கொண்டுபோய் நட்டாலும் வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. காரணம் பூவின் அமைப்பு. மகரந்தத்திற்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று திரைபோல் நிற்கிறது. அத்திரையைத் தாண்டி மகரந்தம் சேர்க்க மெக்சிகோக் காடுகளின் சிலவகைத் தேனீக்களுக்கே இயலும். அத்தேனீக்கள் கொடியோடு கப்பலேறவில்லை. போதாக்குறைக்குப் பூவின் வாழ்வும் ஒரே நாள்தான். காலையில் விரிந்து அன்றே வாடிவிடும்.

1836-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல் மோரென் என்ற தாவரவியலாளர் கண்ணாடிக் குடிலில் செயற்கையாக மகரந்தம் சேர்த்துக் காய் பெற்றார். அறிவியலுக்கு அது வெற்றி. ஆனால் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பூக்களுக்கு ஏற்ற விரைவான வழியை உலகுக்குத் தந்தவர் வேறொருவர்.

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவு, அன்று போர்போன் என்ற பெயரில் பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தது. அங்கே செயின்ட்-சூசான் என்னும் ஊரில் ஃபெரியோல் பெல்லியே-போமோன் என்பவரின் தோட்டத்தில் ஒரு வனிலாக் கொடி சுமார் இருபது ஆண்டுகள் மலடாகவே நின்றது. 1841-இல் ஒருநாள் அக்கொடியில் காய் கண்டு தோட்டக்காரர் திகைத்தார். தாமே அதைச் செய்ததாகச் சொன்னவன் எட்மோன். வயது 12. பிறந்தபோதே தாயை இழந்தவன். அவரது அடிமை.

பூசணிக் குடும்பத்துக் கொடியொன்றில் ஆண் பூவைப் பெண் பூவோடு சேர்க்கும் முறையை எட்மோன் முன்பே கற்றிருந்தான். அந்த அறிவைக் கொண்டு வனிலாப் பூவைத் தானே ஆராய்ந்திருக்கிறான். மெல்லிய மூங்கில் சிம்பால் அந்தத் திரையை மேலே தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடிமீது அழுத்திவிடுவது, அவ்வளவே. சில விநாடிகளில் முடிந்துவிடும் வேலை. பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவனை அனுப்பி, மற்ற அடிமைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார்கள். பிரெஞ்சு மொழியில் அச்செயலை 'எட்மோனின் கையசைவு' என்றே அழைப்பர். சில பதிற்றாண்டுகளில் ரீயூனியன், வனிலாவின் தாயகமான மெக்சிகோவையே விஞ்சியது. அத்தீவிலிருந்து மடகாஸ்கருக்கும் கொமோரோவுக்கும் அத்தொழில் பரவியது. இன்று உலக வனிலாவின் பெரும்பகுதி மடகாஸ்கரிலிருந்து வருகிறது. அங்கும் பூவுக்குப் பூ கைதான். தேர்ந்த தொழிலாளி ஒருவர் ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்களைத் தொட்டுவிடுவார்.

எட்மோனுக்கு என்ன கிடைத்தது? 1848 டிசம்பர் 20 அன்று ரீயூனியனில் அடிமைமுறை ஒழிப்பு அறிவிக்கப்பட்டு அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அவர்களுக்கெல்லாம் குடும்பப்பெயர்கள் சூட்டப்பட்டபோது எட்மோனுக்குக் கிடைத்த பெயர் 'அல்பியுஸ்'. லத்தீனில் வெண்மையைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது அது. வனிலாப் பூவின் வெளிர்நிறத்தை எண்ணி வைத்தார்கள் என்பர். கறுப்பின இளைஞன் ஒருவனுக்கு வெண்மை என்று பெயரிட்டது பாராட்டா, பகடியா என்பதை வாசகரே முடிவு செய்யலாம். விடுதலைக்குப் பின் வீட்டுவேலை செய்து பிழைத்த அவர் 1852-இல் திருட்டு வழக்கொன்றில் ஐந்தாண்டுக் கடுங்காவல் பெற்றார். தீவுக்கு அவர் ஆற்றிய தொண்டைச் சுட்டி எழுந்த முறையீட்டால் முன்னதாக விடுவிக்கப்பட்டார். இதற்கிடையில் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ரிஷார் என்பவர், அம்முறையைத் தாமே முன்னர்த் தீவில் செய்துகாட்டியதாகவும் சிறுவன் அதைப் பார்த்திருப்பான் என்றும் உரிமை கொண்டாடினார். முன்னாள் எசமானரே அதனை மறுத்து, கண்டுபிடிப்பு எட்மோனுடையதே என்று எழுதிவைத்தார். எட்மோன் 1880-இல் அதே செயின்ட்-சூசானில் வறுமையில் இறந்தார். உதவித்தொகை வேண்டிய விண்ணப்பங்களுக்குப் பயன் விளையவில்லை. இன்று அவ்வூரில் அவருக்குச் சிலை உண்டு.

இத்தீவு நமக்கு முற்றிலும் அயலானதன்று. விடுதலை பெற்றோர் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கியபோது அவ்விடத்தை நிரப்பக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் தமிழர். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அவர்கள் போனார்கள். 'மலபார்' என்றழைக்கப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் செயின்ட்-சூசானிலும் அதன் பக்கத்து ஊரான செயின்ட்-ஆந்த்ரேயிலும் இன்றும் கோயில் கட்டித் தீமிதிக்கிறார்கள்.

*

மாவும் மணமும் ஆயத்தமாயின. இனி அவை வீட்டுக்குள் வரவேண்டும். பாஸ்டன் நகர மருந்தாளர் ஜோசஃப் பர்னெட் 1847-இல் வனிலாவைச் சாராயத்தில் ஊறவைத்த சாற்றைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். காயை வாங்கிக் கீறிச் சுரண்டும் வேலை, கரண்டியில் ஊற்றும் வேலையாகச் சுருங்கியது. அதே நகரில் 1896-இல் ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையற்பள்ளி நூல் வெளியாயிற்று. பதிப்பகத்துக்கு அது விலைபோகும் என்ற நம்பிக்கை இல்லாமையால், முதற்பதிப்பின் 3,000 படிகளுக்கும் அவரே செலவை ஏற்றார். 'ஒரு கைப்பிடி', 'முட்டையளவு வெண்ணெய்' என்ற பழைய அளவுகளுக்குப் பதிலாக, கரண்டியைக் கத்தியால் மட்டமாக வழித்து அளக்கச் சொன்னவர் அவர். மாப்பொருள் கொண்டு செய்யும் புட்டிங்கிற்கு இது உயிர்நாடி. அரைக்கரண்டி கூடினால் பசை, குறைந்தால் கஞ்சி.

ஆனால் எளிமைக்கு எல்லையில்லை. 1858-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கோப்லே வனிலாவின் மணப்பொருளான வனிலினைப் பிரித்தெடுத்தார். 1874-இல் ஜெர்மானியர்களான டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரச்சாற்றிலுள்ள ஒரு பொருளிலிருந்து அதைச் செயற்கையாக உருவாக்கினர். பின்னர்க் கிராம்பெண்ணெய், காகித ஆலைக் கழிவு, பெட்ரோலியம் என மூலங்கள் மாறின. இன்று உலகம் நுகரும் வனிலா மணத்தில் உண்மையான காயிலிருந்து வருவது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. 1930-களில் ஜெல்-ஓ நிறுவனத்தின் புட்டிங் பெட்டி வந்தது. பாலூற்றிக் காய்ச்சினால் போதும். 1950-களில் காய்ச்சவும் வேண்டாத உடனடிப் புட்டிங் பரவியது. முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய மாப்பொருளும், பாற்புரதத்தை இறுகச் செய்யும் பாஸ்பேட் உப்புகளும் அடுப்பின் வேலையைச் செய்தன.

பெட்டி வந்த பிறகே, பெட்டியில்லாமல் செய்ததற்குப் 'பழங்காலத்து' என்ற பட்டம் பொருள் பெற்றது. வேறு வழியே இல்லாத காலத்தில் அடியிலிருந்து சமைப்பதற்கு எவரும் பெயர் வைப்பதில்லை. இன்னொரு சொல்லும் மாறியது. ஆங்கிலத்தில் 'வனிலா' என்றால் தனிச்சிறப்பு எதுவுமற்ற, வெறும் சாதாரணமான என்று 20-ஆம் நூற்றாண்டில் பொருள் வந்துவிட்டது. பூ விரிந்த அன்றே விரலால் தொட்டு, காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் காத்திருந்து, வெந்நீரில் முக்கி, கம்பளியில் பொதிந்து வியர்க்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திப் பெறும் மணத்திற்குச் 'சாதாரணம்' என்று பெயர். நாற்றம் என்னும் நம் சொல்லுக்கு நேர்ந்ததைப் போன்றதே இவ்வீழ்ச்சியும்.

*

இவ்வளவும் அறிந்தபின் அடுப்பைப் பற்றவைப்போம். இரண்டு கப், அதாவது ஏறத்தாழ அரை லிட்டர் பால். அரைக் கப் சர்க்கரை. மட்டமாக வழித்த 3 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர். ஒரு சிட்டிகை உப்பு. 2 முட்டையின் மஞ்சள் கரு. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். ஒரு வனிலாக் காய்.

காயை நெடுக்காகக் கீறி, உள்ளிருக்கும் கரிய விதைகளைக் கத்தி முனையால் வழித்தெடுத்து, விதையையும் தோலையும் ஒன்றரைக் கப் பாலில் இட்டுச் சூடாக்கி அரைமணி நேரம் மூடிவைக்கலாம். சாறாயின் ஒரு தேக்கரண்டி போதும். ஆனால் அதை இறுதியில், அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். கொதியில் மணம் ஆவியாகிவிடும். எஞ்சிய அரைக் கப் பால் குளிர்ந்தே இருக்கட்டும். சர்க்கரை, உப்பு, கார்ன்ஃப்ளோர் மூன்றையும் அதில் கரைத்து மஞ்சள் கருவையும் அடித்துக் கலக்க வேண்டும். மாவைச் சுடுபாலில் நேரே கொட்டினால் ஒவ்வோர் உருண்டையின் வெளிப்புறமும் நொடியில் வெந்து பசையாகி, உட்புற மாவைச் சிறையிட்டுவிடும். கட்டிதட்டுவது இதனாலேயே.

சூடான பாலைக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, எல்லாவற்றையும் மீண்டும் பாத்திரத்திலிட்டு மிதமான தீயில் அடிபிடிக்காமல் கிளற வேண்டும். சிலநேரம் ஒன்றுமே நிகழாது. பின் திடீரெனக் கெட்டியாகும். அங்கே நிறுத்திவிடலாம் என்ற ஆசை எழும், நிறுத்தக்கூடாது. மஞ்சள் கருவில் மாப்பொருளைச் சிதைக்கும் அமைலேஸ் என்னும் நொதி இருக்கிறது. குமிழியிட்டு ஓரிரு நிமிடம் கொதித்தால்தான் அது செயலிழக்கும். இல்லையேல் இரவில் கெட்டியாக இருந்த புட்டிங் காலையில் நீர்த்துக் கிடக்கும். இறக்கி வெண்ணெய் சேர்த்துத் தோலை அகற்றிக் கிண்ணங்களில் ஊற்றலாம். ஆறும்போது மேலே ஆடைபோல் படர்வதை விரும்பாதோர் மெல்லிய தாளைப் புட்டிங்கின்மேல் ஒட்டிவைக்கலாம். ஆறியபின் கிளறக்கூடாது, இறுகிய பின்னல் உடைந்து தளர்ந்துவிடும்.

நான்கு மணி நேரம் குளிர்ந்தபின் கரண்டியால் எடுத்துப் பார்த்தால், மஞ்சள் கலந்த வெண்மைக்குள் கரும்புள்ளிகள் பொடிப்பொடியாகத் தெரியும். ஒரு காய் என்றால் ஒரு பூ; ஒரு பூ என்றால் ஒருவரின் விரல். முழுதும் நம் கையால் செய்தோம் என்ற பெருமிதம் அந்தப் புள்ளிகளைக் கண்டதும் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. நமக்குச் சில அடிகள் முன்னே நின்று ஓடும் சலுகை கிடைத்திருக்கிறது. அதைத் தந்தவன் கோட்டிற்கும் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தவன்.

பாலிலிருந்து அகற்றிய தோலை எறிந்துவிட வேண்டாம். கழுவி, நிழலில் உலர்த்தி, சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்து வையுங்கள். பல வாரங்கள் அது மணத்துக்கொண்டிருக்கும்.